என்சிக் சன்னாசியின் வலது கை

பூஜ்யத்திலிருந்து பத்துக்குள்
எத்தனை என்று கேட்கிறாள் நோர் ஹஃபிசா.
பகாவ் கடைத்தெருவில் டயர் கடைக்கு மேல்மாடி.
இரண்டு கட்டில், ஒரு மீன்தொட்டி,
உத்தரத்தில் கயிறும் கப்பியும்.

இருபத்தாறு வருஷம் குலை எண்ணியவன் நான்.
எண்ணச் சொன்னால் எண்ணுவேன்.
இதை எந்தக் கணக்கில் எழுத?
விடிந்ததும் குடைச்சல்.
பல் துலக்கும்போது சுளீர்.
மோட்டார் பள்ளத்தில் இறங்கினால் விண்விண்.
மழைக்கு முன்னால் ஒரு கடுப்பு,
வானொலி சொல்வதற்கும் முன்னால்.
ராத்திரியில் மரமரப்பு,
கை இருக்கிறதா என்று
இடக்கையால் தேடிப் பார்க்கும்படி.

"ஏழு" என்றேன்.
ஏழு என்று எழுதிக்கொண்டாள்.

மாசியில், பதினான்காம் பிளாக்கில்,
நீள அரிவாளை இழுத்தேன். மட்டை வந்தது.
மட்டைக்குப் பின்னால் குலை வந்தது,
வழக்கமாக விழும் பக்கம் விட்டு
நான் நின்ற பக்கம்.
இருபத்தெட்டுக் கிலோ.
அன்று சாயங்காலம் தராசில் ஏற்றினார்கள்,
குலையைத்தான்.
சொக்சோ பாரத்தில் அது இரண்டு வரி.

ஆறு வாரம் கழுத்தில் தூளி கட்டிக்
கையைத் தூங்கவைத்தேன்.
எழுப்பினால்
யாரோ விட்டுப்போன சாமான் மாதிரி கிடந்தது.

இழுத்துவிட்டால் சரியாகும் என்றான் மச்சான்,
எண்ணெய்ப் புட்டியோடு.
இழுத்தால் கிழியும் என்றாள் இவள்.
குனியச் சொன்னாள். கையைத் தொங்கவிடச் சொன்னாள்.
அது தானாக ஆடட்டும்,
நீங்கள் ஆட்டாதீர்கள்.
அவ்வளவுதான் முதல் நாள்.
கையைத் தொங்கவிடவா பஸ் ஏறிப் போனே என்று
மாரிக்கண்ணு ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

பிறகு சுவர்.
விரல்கள் சுவரில் ஏறவேண்டும்,
எட்டுக்கால் பூச்சி மாதிரி, அவசரமில்லாமல்.
வாழ்க்கை முழுக்கத் தலைக்கு மேலேயே
வேலை பார்த்த கை
தோள் உயரத்தில் நின்று
இனி முடியாது என்றது.

அடுப்படிச் சுவரில் பென்சில் கோடு:
மே மூன்று, காலண்டரின் கீழ் ஓரம்.
மே ஒன்பது, அதற்கும் இரண்டு விரல் கீழே.
அழிக்கப் போனேன்.
கீழே இறங்கியதையும் வைத்திருங்கள் என்றாள்,
அதுவும் கணக்குதான்.

சத்து, துவா, தீகா, அவள் எண்ணுவாள்.
நான் உள்ளுக்குள் ஒண்ணு, ரெண்டு.
பத்தில் இருவரும் சந்திப்போம்.
ஒருநாள் சிரிக்காமல் பன்னிரண்டு வரை போனாள்.
திருடி.

மஞ்சள் ரப்பர் பட்டை போய்
சிவப்புப் பட்டை வந்த வாரம்
அவள் கட்டைவிரலைப் பார்த்தேன்,
பழுப்பு டேப் சுற்றியிருந்தது.
நாள் முழுக்க அடுத்தவன் தோளை அமுக்கும் விரல்.
"உங்களுக்கு எத்தனை?" என்றேன்.
"மூன்று."
கதவைப் பார்த்துவிட்டு, "ஐந்து."
குடைச்சலா, கடுப்பா?
வித்தியாசம் சொல்லித்தரக்
கால்மணி நேரம் ஆனது.
வெந்நீர்ப் பை ஆறிப்போனது.
இப்போது என் சீட்டில்
எண்ணுக்குப் பக்கத்தில் ரூமி எழுத்தில்
குடைச்சல் என்று இருக்கிறது,
ஒரு எழுத்துப் பிழையோடு.

அரிவாள் இனி வேண்டாம் என்றார் கிராணி.
தராசடியில் நிற்கிறேன், சம்பளம் குறைவு.
என் நிரையில் ரஃபிகுல் வெட்டுகிறான்,
சில்ஹெட்டிலிருந்து வந்தவன்.
மட்டையைப் பார்க்காதே,
உன் காலைப் பார், எங்கே நிற்கிறாய் என்று பார்
என்று இரண்டு முறை சொன்னேன்.
தலையாட்டினான். நானும் அப்படித்தான் ஆட்டியிருப்பேன்.

நேற்று மூன்று மணிக்கு நல்ல வெயில்.
தோள் லேசாகக் கடுத்தது.
எழுந்துபோய்க் கொடியிலிருந்து
மாரிக்கண்ணுவின் சேலை, என் சட்டை,
கடைசியாக, உயரத்தில் மாட்டியிருந்த போர்வை
எல்லாவற்றையும் எடுத்து வந்தேன்.
மடிக்கும்போதுதான் யோசித்தேன்,
எந்தக் கையால் எடுத்தேன் என்று.

மழை பிடித்துக்கொண்டது.
பக்கத்து வீட்டுத் துணியெல்லாம் நனைந்தது.