பதினான்காம் ஷரத்து

'சமூக ஒப்பந்தம்' என்று பலகையில் எழுதினார் பேராசிரியர்.
கையெழுத்து யார் போட்டது என்று கேட்டேன்.
வகுப்பு சிரித்தது.
"பன்னிரண்டு பக்கம் எழுதி வா" என்றார்.
எழுதினேன். பி மைனஸ்.

எனக்குத் தெரிந்த கையெழுத்து ஒன்றுதான்:
வாடகைப் பத்திரத்தின் கடைசித் தாளில்
வேலைக்கு ஓடும் அவசரத்தில்
கார் பானட்டின் மேல் வைத்து அம்மா போட்டது.
பதினான்காம் ஷரத்தை அவள் படிக்கவில்லை.
டொலீடோ நீதிமன்றம் படித்துக் காட்டியது.
நான்கு நிமிட வழக்கு.
அதில் ஒரு நிமிடம்
வொய்ச்சியெகோவ்ஸ்கி என்ற பெயரோடு
குமாஸ்தா மல்லுக்கட்டியதில் போயிற்று.
அம்மா கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

சட்டக் கல்லூரிக்கு அரசியல் அறிவியல்தான் என்றில்லை,
கணிதமும் போதும் என்கிறார் ஆலோசகர்.
தெரியும்.

பனி கொட்டுகிறது.
நூலகத்தில் ஹீட்டரை ஒட்டிய மேசை,
பழைய நுழைவுத்தேர்வுத் தாள்:
ஏழு பேர், ஆறு நாற்காலி.
கியூவுக்குப் பக்கத்தில் ஆர் உட்காரக் கூடாது.
டி உட்கார்ந்தால் எஸ் எங்கே?

ஏழாவது ஆள் எங்கே நிற்பாள் என்று
கேட்கவே இல்லை.
ஓரத்தில், பென்சிலால்,
கோட்டுப் போட்ட ஒருத்தியை வரைகிறேன்.
பொத்தான்களும் வைக்கிறேன்.

முப்பத்தைந்து நிமிடத்தில்
பதினொன்று போய்விட்டது.