வாய்தா

டுலூத். பிப்ரவரி. நீதிமன்றத்தின் மூன்றாம் மாடி.
ஜன்னல் முழுக்க உறைந்த ஏரி.

என் மனு ஒன்பதே வரி.
வக்காலத்திலிருந்து விலக அனுமதி வேண்டும்;
காரணம், தொழில் அறம் சார்ந்தது.
கட்சிக்காரரின் கடைசி முகவரி,
பதிவுத் தபால் ரசீது,
அடுத்த விசாரணைத் தேதி
எல்லாம் இணைத்திருக்கிறேன்.

"கட்டண பாக்கியா?"
கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிறார் நீதிபதி லவோன் பிரூயிட்.
"மனுவில் உள்ளதுதான்" என்கிறேன்.

நவம்பரில் ஒரு மாலை
என் மேசையில் வைத்துவிட்டுப் போன சரக்குப் பட்டியல்,
பச்சை மை இன்னும் காயாதது,
தேதி மட்டும் இரண்டு வருடம் பழையது,
இப்போது என் நாக்கடியில் இருக்கிறது.
இருக்கும்.

எய்னோ ரவுட்டியோ எழுந்து நிற்கிறார்.
தொப்பியைக் கழற்ற மறந்து, பிறகு கழற்றி.
"ரவுட்டியோ குளிர்பதனக் கிடங்கு. நான்தான் அது.
நூறு பங்கும் என்னுடையது.
லாரிக் கதவில் இருப்பது என் பெயர்.
நானே பேசிக்கொள்கிறேன்."

நீதிபதியின் குரல் தணிகிறது.
"வழக்கு உங்கள் மேல் என்றால் பேசலாம், மிஸ்டர் ரவுட்டியோ.
இது கம்பெனி மேல்.
வக்கீல் வழியாகத்தான் அது பேசும்.
பின்வரிசையில் உட்காருங்கள்,
பார்வையாளராக."

நிலம் வாங்கும், கடன் வாங்கும்,
வரி கட்டும், நாற்பது டன் மீனைக் கெட்டுப்போகவும் விடும்
அந்த வாயில்லா ஜீவன்
எங்கள் இருவருக்கும் நடுவில்
காலி நாற்காலியில் உட்கார்ந்திருந்தது.

எதிர்த்தரப்புக்கு ஆட்சேபணை இல்லை.
ஏன் இருக்கப் போகிறது?
இருபத்தொரு நாள் வாய்தா.
அதற்குள் புது வக்காலத்து வராவிட்டால்
ஒருதலைத் தீர்ப்பு.
முத்திரை விழுந்தது. நான் யாருமில்லை.

வெளியே என் காரின் பேட்டரி செத்துக் கிடந்தது.
கேட்காமலே லாரியைக் கொண்டுவந்து நிறுத்தி
ஆரஞ்சு நிறக் கேபிளை மாட்டினார்.
"கோப்புகள் நாலு பெட்டி. திங்கட்கிழமை வந்துவிடும்."
"அந்தப் பட்டியலும் அதில் இருக்குமா?"
"உங்களுடையது எல்லாம் இருக்கும்."

சாவியைத் திருப்பு என்று கை காட்டினார்.
இருமி, இருமி, எஞ்சின் பிடித்துக்கொண்டது.

கேபிளைச் சுருட்டியபடி
ஜன்னல் பக்கம் குனிந்து ஏதோ சொன்னார்.
உதடு அசைந்தது. மூச்சு வெள்ளையாக வந்து
கண்ணாடியில் படிந்து, உறைந்தது.

நான் இறக்கவில்லை.
பனியில் கண்ணாடி இறுகிப்போயிருந்தது என்று
யாராவது கேட்டால் சொல்லலாம்.