ஸ்பேஸ் விசைக்குள் ஓர் உமி

முத்தையன்கட்டு இடதுகரையில்
கரண்ட் ஒழுங்காக நிற்பது
இரவு பத்துக்குப் பிறகுதான்.
அரிசி ஆலை ஓய்ந்து
மின்விசிறி ஒரு சுற்றுக் கூடச் சுழலும்போது
கணினியை எழுப்புவேன்.

கண்ணிவெடி அகற்றும் நிறுவனம்
கிளிநொச்சி அலுவலகத்தைப் பூட்டியபோது
மேசையோடு சேர்த்து ஆறாயிரத்துக்கு எடுத்தது.
பெட்டியின் விலாவில் இன்னும்
அவர்களுடைய சொத்து இலக்கம் 0219.
உள்ளே
மாதர் சங்கத்தின் கடன் கணக்கு.
நாற்பது பேர், நாற்பத்தொரு கடன்.
பற்றுச்சீட்டுக் கட்டு வெள்ளத்தோடு போன பிறகு
வேறெங்கும் இல்லாத கணக்கு.

மூன்று கிழமையாக
கோப்பு திறக்க, ஒரு தேத்தண்ணி ஆறிவிடுகிறது.
வட்டுக்குள்
வாளி கிணற்றுக்கட்டில் இடிப்பதுபோல
டொக், டொக்.

சிதறிய துண்டுகளைச் சேர் என்றேன்.
முடியாது, முதலில் வட்டைச் சோதி என்றது.
சோதி என்றேன்.
முடியாது, வட்டு பாவனையில் இருக்கிறது,
அடுத்தமுறை தொடங்கும்போது பார்க்கட்டுமா என்றது.
கச்சேரியில் கேட்டுப் பழகிய பதில்தான்.
ஓம் என்றேன்.

நீலத் திரை.
பத்து விநாடிக்குள்
எந்த விசையை அழுத்தினாலும் சோதனை கைவிடப்படும்.
கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன்.
பத்து, ஒன்பது
கைவிடப்பட்டது.

மறுபடியும்.
கைவிடப்பட்டது.

மூன்றாம் தரம் கதிரையைத் தள்ளிவிட்டு
சுவரோடு போய் நின்றேன்.
கைவிடப்பட்டது.

நெடுங்கேணியில் கடை வைத்திருக்கும் விதுர்சன்
போனில் சிரித்தான்:
"அக்கா, அதைப் பழைய இரும்புக்காரனுக்குக் குடுங்கோ.
பதினெட்டாயிரத்துக்கு நல்லதொண்டு கிடக்கு."

பதினெட்டாயிரம்
சங்கத்தில் ஆறு பேருடைய தவணை.

அந்த நிறுவனத்தில் ஆறு வருசம்
முழங்காலில் நின்றவள் நான்.
கருவி கத்தினால்
மண்ணைப் பார்க்க முதல்
உன் சப்பாத்தைப் பார்,
உன் சட்டைப் பொத்தானைப் பார் என்பார்கள்.

விசைப்பலகையைக் கவிழ்த்துத் தட்டினேன்.
எறும்பு. விசுக்கோத்துத் தூள். காணாமற்போன தையலூசி.
ஸ்பேஸ் மட்டும்
அமிழ்ந்தபடியே கிடந்தது,
ஒருவரும் தொடாமல்
எல்லாவற்றையும் நிறுத்திக்கொண்டு.
ஈர்க்கால் நெம்ப வந்தது
ஓர் உமி.
காலபோக நெல்மூட்டை மேசைக்குக் கீழே
அடுக்கியிருந்த நாளில் ஏறியிருக்கும்.

பிறகு அது ஓடியது.
நான்காம் கட்டம், இருபத்தேழு வீதம்.
அங்கேயே ஒன்றரை மணித்தியாலம்.
நேசரூபன் பாயில் புரண்டு கேட்டார்,
"செத்துப்போச்சோ?"
"இல்லை, பார்க்குது."
மெல்லப் போகும் இடத்தில்தான் ஏதோ இருக்கும்.
அவருக்குச் சொல்லவில்லை. நித்திரையாகிவிட்டார்.

கெட்ட பகுதி, நாலு கிலோபைட்.
அதைத் திருத்துவதில்லை.
குறித்து வைக்கும்,
இனிமேல் அதில் எதையும் எழுதாது.

துண்டு சேர்ப்பு விடியும்வரை நடந்தது.
சிவப்புக் கோடுகள் ஒன்றொன்றாக நீலமாயின.
நடுவில் சில பச்சை,
அசைக்க முடியாதவை,
அசையவில்லை.

காலையில் கணக்கு உடனே திறந்தது,
தேத்தண்ணி சுடச்சுட இருக்க.
இருபத்துமூன்றாம் வரியில் மட்டும் வெறும் இடம்.
மீட்ட கோப்பொன்றைத் திறந்தால்
பெட்டி பெட்டியாகக் குப்பை எழுத்து,
இடையில்
பாக்கி 4,500.
பெயர் இல்லை.
யாரோ ஒருத்தியின் இரண்டாவது கடன்.

சனிக்கிழமைக் கூட்டத்தில் வாசித்தேன்.
ஒருத்தி சிரித்தாள்,
"அப்ப அது ஒருத்தருக்கும் இல்லையெண்டு விடுங்கோ."
எல்லோரும் சிரித்தார்கள்.
வெளியே லாண்ட்மாஸ்டர் ஒன்று கடந்து போகும்வரை
பேச்சில்லை.

கடைசி வரிசையில்
மடியிலிருந்த பிள்ளையை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டு
அருள்மலர் சொன்னாள்,
"அது என்ரை. கோழிக்கூட்டுக்கு எடுத்தது.
ஆனா தையில ஐந்நூறு கட்டினனான்.
அதையும் எழுதுங்கோ."

இரவு பத்துக்குப் பிறகு
இருபத்துமூன்றாம் வரியில் எழுதினேன்.
தலைப்பெழுத்துக்கும் பெயருக்கும் நடுவில்
ஸ்பேஸை ஒருமுறை தட்டினேன்.
மேலே வந்தது.