அரை அங்குலம்

சட்பரியில் உப்புக்கு விடுமுறை இல்லை.
ஆறு மாதம் தெருவில் கிடந்துவிட்டு
வண்டியின் வயிற்றில் ஏறிக்கொள்ளும்.
ஏப்ரலில், பாரிஸ் தெரு ஏற்றத்தில்,
ஆஸ்பத்திரிக்குப் போகிற சனமெல்லாம் பார்க்க
என் பிக்கப் தன் புகைக்குழாயைக் கீழே விட்டது.
தாரில் பொறி பறக்க இழுத்துக்கொண்டே
வீடு வந்து சேர்ந்தேன்.

புதியது ஆளுயரப் பெட்டியில் வந்தது.
நான்கு துண்டு, ஐந்து கவ்வி, ஒரு கடதாசி.
‘இரண்டு மணி நேர வேலை’ என்றது கடதாசி.
எழுதியவன் உப்பில்லாத ஊர்க்காரன்.

முதல் போல்ட்டுக்கே ஒரு சனிக்கிழமை போனது.
எண்ணெய் விட்டேன். தேத்தண்ணி குடித்தேன்.
மறுபடி எண்ணெய் விட்டேன். நெருப்புக் காட்டினேன்.
இளகுவதுபோல் பாவனை செய்து
தலையை மட்டும் முறித்து என் கையில் தந்தது.
மிச்சத்தை அறுத்தேன்.
ஞாயிறு பின்னேரம் வரை
நாக்கில் இரும்பு.

அமலதாஸ் டோர்ச் பிடித்தார்.
நான் பார்க்கிற இடத்தைத் தவிர
மற்ற எல்லா இடத்திலும் வெளிச்சம் இருந்தது.

தொங்கும் ரப்பர்களுக்குச் சோப்புத் தண்ணீர்.
இறுக்கமான வளையலுக்குக் கையைக் குவிப்பதுபோல்
கம்பியைக் குவிக்க முடியாது;
ரப்பர்தான் மனமிரங்க வேண்டும்.
மூன்று இரங்கின.
நான்காவது என் பெருவிரல் நகத்தை எடுத்துக்கொண்டு இரங்கியது.

எதையும் இறுக்கவில்லை இன்னும்.
எல்லாம் தொளதொளவென்று தொங்கட்டும்,
ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளட்டும்.
சட்டத்துக்கும் குழாய்க்கும் ஒரு விரல்,
உதிரி டயருக்கு இரண்டு விரல்.
சூடேறினால் இரும்பு நீளும்.
நீள இடம் விடாதவள்
ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் கிலுகிலுப்பை கேட்பாள்.

பிறகு பின்பக்கம் வந்து குந்தினேன்.
பம்பரின் வளைவுக்குள் குழாயின் வாய்
நடுவில் நிற்க வேண்டும்.
நிற்கவில்லை.
இடப்பக்கம் விரல் போனது, வலப்பக்கம் நகம்கூடப் போகவில்லை.
திருப்பினேன். மறுபடி உள்ளே ஊர்ந்து போய்த் திருப்பினேன்.
இப்போது வளைவுக்குச் சரி,
ஆனால் குழாய் முழுவதும்
தலை சாய்த்துக் கதை கேட்கிற மாதிரி.

மட்டப்பலகை வைத்தேன்.
குமிழி ஒதுங்கி நின்றது.
கராஜ் தரை தண்ணீர் போகட்டும் என்று
சாய்த்துக் கட்டிய தரை; அதன் பேச்சை விடுவோம்.
அளவுநாடா பிடித்தேன், சட்டத்திலிருந்து பம்பருக்கு.
இடம் ஒன்று, வலம் வேறு.
அரை அங்குலம்.

டோர்ச் முதல் தடவையாக
ஓரிடத்தில் அசையாமல் நின்றது.

“தை மாசம்,” என்றார் அமலதாஸ்,
“நீ இரவு வேலைக்குப் போய்ப் படுத்திருந்த நேரம்.
பால் வாங்கப் போனனான்.
கம்பம் கொஞ்சம் முன்னுக்கு நிண்டது.”

நான்கு மாதம்
அந்தப் பம்பருக்குப் பின்னால் உட்கார்ந்து
காய்கறி இறக்கியிருக்கிறேன்.
ஒரு நாளும் கோணலாய்த் தெரியவில்லை.
நேரான ஒன்று பக்கத்தில் வரும்வரை
அது நேராகத்தான் இருந்தது.

பம்பரைக் கழற்ற இன்னும் எட்டு போல்ட்.
எட்டிலும் உப்பு.

தெருவுக்குப் போய் நின்றேன்,
சிக்னலில் எனக்குப் பின்னால் நிற்கப்போகிறவன்
எங்கே நிற்பானோ அங்கே.
“கொஞ்சம் இடம்… இல்லை, உங்கட இடம்… போதும்.”
நிலத்துக்குக் கால் அங்குலம் பொய்,
பம்பருக்குக் கால் அங்குலம் பொய்.
எதிர்வீட்டு லூசியன் புல்வெட்டியை நிறுத்திவிட்டு
பெருவிரல் உயர்த்தினார்.

முன்னாலிருந்து பின்னால், ஒவ்வொரு கவ்வியாய் இறுக்கினேன்.
கடைசித் திருகில் மயிரிழை விலகியது.
விலகட்டும்.

திங்கள் விடிய நாலரை.
அவர் வண்டியைப் பின்னால் எடுக்கிறார்.
கட்டிலில் கிடந்தபடி கேட்கிறேன்:
புதுக்குழாய் ஒன்றையும் மறைக்கத் தெரியாதது.
ஒரு மிதி. நிறுத்தம்.
கண்ணாடி பார்க்கிற நேரம்.
இன்னொரு அரை மிதி.
தெருவில் கம்பமே இல்லாத பக்கம்கூட
எவ்வளவு மெதுவாகப் போகிறார்.