கொரியூமே துறை

சக்கரங்களில் பாதிக் காற்றைத் திறந்துவிட்டான் இன்டல்லா.
மணல் எங்களை விழுங்காமல் விட்டது.

மூன்று நாள். டீசல் வாடை, பேரீச்சை,
லாரி முதுகில் கல்லறைப் பலகைபோல் உப்புப் பாளங்கள்.
ஒன்று உடைந்திருந்தது.
அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

நைஜர் வந்தபோது கும்மிருட்டு.
ஆறென்று கொசு கடித்துத்தான் தெரிந்தது.

பெரிய படகு எங்கோ தரைதட்டி நிற்கிறதாம்.
போசோப் படகுக்காரி நானா ஃபமாந்தா
உடைந்த துண்டை நக்கிப் பார்த்தாள்.
"தாவுதேனி உப்பு. கூலிக்கு இது போதும்.
லாரி விடிந்து வரட்டும்.
நீங்கள் ஏறுங்கள், மீன் சுட்டிருக்கிறேன்."

மறுநாள் அக்கரையில்
குந்தியிருந்து பம்பு அடித்தான் இன்டல்லா,
ஆறு சக்கரத்துக்கும்.
உள்ளே பாதி பாலைக் காற்று,
பாதி கருவாட்டு வாடை.

துவென்ஸா வரை
அதன்மேல்தான் உட்கார்ந்து போனோம்.