மீதித்தொகை

உடுப்பு என்ன நிறம் என்று கேட்டார் காவலர்.
தேன்மொழிக்குத் தெரியவில்லை.
இரவு வேலை முடிந்து அவர் வருவதற்குள்
பையன் போய்விட்டிருந்தான்.

வீட்டுக்கு வந்து அலமாரியைக் கொட்டினார்.
சன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் காய்ந்தவற்றையும்
உருவிக்கொண்டு வந்து
ஒவ்வொன்றாகக் கழித்தார்.
இருப்பவை பதினொன்று.
இல்லாதது சாம்பல் நிறம், கையில் இரண்டு கோடு.
"சாம்பல்" என்று போன் செய்து சொன்னார்,
கணக்குப் பரீட்சை எழுதி முடித்தவரைப்போல மூச்சு வாங்க.

மூன்றாம் நாள் என் அலுவலகத்தில்,
புளோக்கின் கீழ்த்தளத்தில்
சைக்கிள் நிறுத்துமிடத்துக்கு அடுத்த அறை,
கைப்பேசியை மேசைமேல் வைத்தார்.
லோகித்தின் பயண அட்டை அவர் கணக்கில் இருந்தது.
பாசிர் ரிஸ், துவாஸ் லிங்க்.
துவாஸ் லிங்க், பாசிர் ரிஸ்.
பச்சைத் தடத்தின் இந்த நுனிக்கும் அந்த நுனிக்கும்
பதினான்கு வயது
குளிர்சாதனக் காற்றில் போய்வந்துகொண்டிருந்தது.

ஒரே ஒருமுறை யூனோஸ்.
யூனோஸில் யார் இருக்கிறார்கள்?
யாருமில்லை என்றார். பிறகு,
அவனுடைய அப்பா முன்பு, என்று தொடங்கி
நிறுத்திக்கொண்டார்.
நான் எழுதாமல் பேனாவை மூடினேன்.

ஒவ்வோர் இரவும் பத்து வெள்ளி நிரப்புகிறார்.
"நிப்பாட்டு, காசு தீர்ந்தா தன்னால வருவான்."
இது அவருடைய அண்ணன்.
"காசு தீர்ந்தா எப்படிண்ணே வருவான்?"
இது அவர்.

அண்ணன் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை.
பயிற்சி வகுப்பில் எங்களுக்கும் இதைப்பற்றி ஏதோ சொன்னார்கள்.
அந்தப் பக்கத்தை நான் தேடவில்லை.

ஐந்தாம் நாள், மழை விட்டும் விடாத மாலை,
வீட்டுக்குப் போகாமல்
என் கதவுக்கு வெளியே வந்து நின்றான்.
சாம்பல் சட்டை இல்லை,
யாருடையதோ தொளதொள மஞ்சள்.
காலுறை இல்லாத சப்பாத்து,
குதிகாலில் தோல் உரிந்திருந்தது.

படிவத்தின் முதல் கேள்வி: ஏன் போனாய்?
நான் கேட்டது: பிளாஸ்டர் பெரிசா, சின்னதா?
"பெரிசு."

இரண்டு பாக்கெட் மைலோ தீரும்வரை
வேறொன்றும் இல்லை.
அப்புறம் அவனாகவே:

"ஆறு வெள்ளிச் சொச்சம்தான் இருந்துச்சுக்கா.
ரெண்டாம் நாளே தடுத்துடும்னு நினைச்சேன்.
தட்டுறேன், தட்டுறேன்,
கதவு திறந்துக்கிட்டே இருக்கு."

'காரணம்' என்ற கட்டத்தை வெறுமையாக விட்டேன்.
மேலதிகாரி திருப்பி அனுப்பினார்.
கையெழுத்தை மட்டும் இன்னும் அழகாகப் போட்டு
அப்படியே கொடுத்தேன்.

ஜூலையில் மறுபடியும் போனான்.
இம்முறை ஒரு செய்தி:
தெம்பனிஸ்ல இருக்கேன். தேடாதீங்க. காலைல வரேன்.

ஆண்டறிக்கையில் அது இரண்டாவது சம்பவம்.
தேன்மொழியோ அதை எனக்கு மூன்று முறை படித்துக்காட்டினார்,
கடைசி இரண்டு சொல்லில் மட்டும் மெதுவாக.

தேடாமல் இருக்க முடியுமா என்ன.
பேருந்து நிலையத்துக்கு எதிரே
அவன் பார்த்தால் தெரியும்படியும்
துரத்தி வந்ததாகத் தோன்றாதபடியும்
உணவங்காடியில் ஒரு மேசை பிடித்தோம்.
தேநீரில் ஆடை கட்டியது.
நாற்காலிகளைக் கவிழ்த்துக்கொண்டே வந்தவர்
எங்கள் மேசையை மட்டும் விட்டுவிட்டுப் போனார்.

தேன்மொழி கைப்பேசியை எடுத்தார்.
"பதினேழு வெள்ளி இருக்கு," என்றார்.
"போதும்ல?"