உச்சி நாடா

வெள்ளி ஆறு என்று பெயர்.
நிறம், பால் குறைத்து ஊற்றிய தேநீர்.
புவெனஸ் அய்ரஸிலிருந்து கொலோனியாவுக்கு
எதிர்க்காற்றில் ஒரு முழுப் பகல்,
பதினேழு படகுகள்.
சுக்கானில் அன்செல்மோ.
பெரிய பாய் என் பொறுப்பு.
செவ்வாய்க்கிழமைதான் நீதிமன்றத்தில் கையெழுத்திட்டோம்.
படகைப் பாதியாக அறுக்க முடியாது என்றார் நீதிபதி,
சிரிக்காமல்.

காலையில் ஆறு நாட் காற்று,
தூக்கம் கலையாத காற்று.
இந்த மாதிரி நேரத்தில் புதிதாக வந்தவர்கள்
தாமானை இழுத்து இறுக்குவார்கள்,
கயிறு விறைத்தால் படகு விரையும் என்று.
விரையாது. பாய் மூச்சடைத்து நிற்கும்.
நான் ஒரு சாண் விடுகிறேன்.
தாமானைத் தாங்கும் குட்டி வண்டியை
அதன் தண்டவாளத்தில் காற்றுப் பக்கம் ஏற்றுகிறேன்,
கீழ்க்கழி நடுக்கோட்டை விட்டு நகராதபடி.
பாயின் தலை மெல்ல முறுகித் திறக்கிறது.
திறக்கத்தான் வேண்டும்.
தண்ணீரை உரசி வருவது ஒரு காற்று,
பதினான்கு மீட்டர் மேலே வருவது இன்னொன்று;
வலுவும் வேறு, திசையும் கொஞ்சம் வேறு.
ஒரே துணி இரண்டுக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

உச்சிச் சட்டத்தின் நுனியில்
ஒரு பச்சை நாடா.
கழுத்து நோக நோக அதையே பார்க்கிறேன்.
"மேலே யாரைத் தேடுகிறாய், கடவுளையா?"
என்கிறான் அணியத்திலிருந்து லௌதாரோ.
நாடா பாயின் மறைவில் போய் ஒளிந்தால்
இறுக்கம் அதிகம்.
ஒளியவே ஒளியாமல் பறந்துகொண்டிருந்தால்
இன்னும் கொஞ்சம் இழுக்கலாம்.
பாதி நேரம் பறக்கவும் பாதி நேரம் ஒளியவும் விட்டு
அந்த விளிம்பிலேயே நாள் முழுக்கக் குடியிருப்பதுதான்
இந்த வேலை.

பத்தரைக்குக் காற்று ஏறியது. பதினான்கு.
பாயின் வயிற்றைத் தட்டையாக்க
பின்கம்பியை இழுத்தேன், பாய்மரம் வளைந்தது.
முன்விளிம்பைக் கீழே இழுத்து
சுருக்கங்களை நீவினேன்.
தாமான் இரண்டாம் சிவப்புக் குறி வரை உள்ளே.
அன்செல்மோ காலையிலிருந்து சொன்ன முதல் சொல்:
"கனக்கிறது."
சுக்கான் கனக்கிறது என்று பொருள்.
வேறு பொருள் எதுவும் இல்லை.
வண்டியை ஒரு கை அளவு இறக்கினேன்.
அவன் முழங்கை தளர்ந்ததைப் பார்த்தேன்.
பதினோரு வருடம் நான் அவன் முகத்தைவிட
அந்த முழங்கையைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

பிறகு தண்ணீரில் ஒரு கருந்திட்டு,
நாற்பது மீட்டர் தள்ளி, எங்களை நோக்கி.
அவன் வாய் திறக்குமுன்
வண்டியை விட்டேன்.
காற்று வந்து மோதியபோது
படகு சாயவில்லை, முன்னே பாய்ந்தது,
வாலை மிதித்த பூனை மாதிரி.
அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான்.
நான் நாடாவைப் பார்த்தேன்.

அந்த மகிழ்ச்சியில்தான் தப்பு நடந்தது.
காற்று தணிந்த பிறகும்
வண்டியை மீண்டும் ஏற்ற மறந்தேன்.
ஒரு நிமிடம் இருக்கும், அதற்கு மேல் இல்லை.
வேகம் ஆறு புள்ளி நான்கிலிருந்து ஐந்து புள்ளி எட்டு.
நெலிதாவின் படகு காற்றுப் பக்கமாக ஏறி வந்து
எங்கள் காற்றைத் தின்றுவிட்டுப் போனது.
அவன் திட்டவில்லை.
முன்பென்றால் திட்டியிருப்பான்.

ஆறாம் இடம்.
கொலோனியாவில் படகைக் கட்டியதும்
லௌதாரோ பீர் தேடிப் போய்விட்டான்.
இந்தப் பாயை ஒருவராக மடிக்க முடியாது:
முன்விளிம்பில் ஒருவர், பின்விளிம்பில் ஒருவர்,
ஒரே நேரத்தில் இழுத்து, ஒரே அளவில் கவிழ்த்து.
ஈரம் காயும்வரை அது யார் வீட்டில் கிடக்கும் என்று
ஒப்பந்தத்தின் எந்தப் பக்கத்திலும் இல்லை.
பின்விளிம்பை அவன் எடுத்தான்.
நான்காம் மடிப்பு கோணலாக வந்தது.
"உன் பக்கம்" என்றான்.
"உன் பக்கம்" என்றேன்.
பிரித்துவிட்டு
முதலிலிருந்து தொடங்கினோம்.